ஹேம்ப்: கணக்கு சரி, கவுன்டர்தான் சொதப்பல்

2009-இல் அமெரிக்க அரசு கொண்டுவந்த வீட்டுக்கடன் சீரமைப்புத் திட்டம் ‘ஹேம்ப்’ (HAMP). 2016 இறுதியில் அது மூடப்பட்டது. வீட்டு வரி, காப்பீடு சேர்த்து மாதத் தவணை மொத்த வருமானத்தில் 31 சதவீதமாகக் குறைய வேண்டும் என்பது விதி. 4,000 டாலர் சம்பளத்துக்கு 1,240. அதற்கு முதலில் வட்டியை 2 சதவீதம்வரை இறக்கினார்கள். போதாவிட்டால் தவணைக்காலம் 40 ஆண்டுவரை நீண்டது. அப்போதும் எட்டாவிட்டால் அசலில் ஒரு பகுதி வட்டியில்லாமல் கடைசிக்குத் தள்ளப்பட்டது. நல்ல கணக்குதான்.

ஆனால் முடிவு தவணை வசூலிக்கும் நிறுவனத்தின் கையில் இருந்தது. சம்பளச் சீட்டும் வரிப் படிவமும் கொடுத்தவர்களுக்கே ‘வரவில்லை, மறுபடி அனுப்புங்கள்’ என்ற பதில். குறைத்த தவணையை முதலில் கட்டிக் காட்ட வேண்டிய 3 மாத சோதனைக் காலம் பலருக்கு இன்னும் இழுத்தது. கடைசியில் நிராகரித்தால், குறைத்துக் கட்டிய வித்தியாசம் அத்தனையும் பாக்கியாக நின்றது. இது பெரிய ஓட்டை. தேறியவர்களுக்கும் 5 ஆண்டு கழித்து வட்டி ஆண்டுக்கு 1 சதவீதம்வரை ஏறியது, கடனைச் சீரமைத்தபோது இருந்த சந்தை வட்டியில் வைத்த உச்சவரம்பு எட்டும்வரை.