எம்.ஏ. வரலாறு: ஊர்க் கல்லூரியா, சென்னையா, தொலைநிலைக் கல்வியா?

பி.ஏ. முடித்த பிள்ளைகள் ஜூன் மாதம் வந்தால் கேட்கிற கேள்வி இது: "இங்கேயே சேர்ந்துரவா, சென்னைக்குப் போகவா?" நான் புதுக்கோட்டைப் பக்கம் ஒரு சிறிய கல்லூரியில் படித்தவன். ஊர்ப்பாசம் இருக்கத்தான் செய்யும். அதைக் கொஞ்சம் கழித்துவிட்டுப் படியுங்கள்.

சென்னைப் பல்கலைக்கழகத்தின் வரலாற்றுத் துறை 1914-இல் தொடங்கியது. எஸ். கிருஷ்ணசாமி ஐயங்கார், அவருக்குப் பின் கே.ஏ. நீலகண்ட சாஸ்திரி என்று பேராசிரியர்கள் இருந்த இடம். ஆனால் இன்றைய மாணவருக்குப் பேரைவிடப் பெரிய லாபம் அக்கம்பக்கம்தான். எழும்பூரில் தமிழ்நாடு ஆவணக் காப்பகமும் கன்னிமாரா நூலகமும், தரமணியில் ரோஜா முத்தையா நூலகமும் இருக்கின்றன. கம்பெனிக் காலத்து வருவாய்க் கோப்பு, பழைய பத்திரிகை என்று தேடுகிறவருக்கு வேறு ஊர் சரிப்படாது. பாளையக்காரர்களைப் பற்றி ஆய்வேடு எழுத ஆசைப்பட்டு, ராத்திரி பஸ் பிடித்து எழும்பூர் போனேன். கையில் இருந்த காசு இரண்டு நாளில் தீர்ந்தது. திரும்பி வந்து தலைப்பை மாற்றிக்கொண்டேன். அந்த வருத்தம் இன்னும் இருக்கிறது.

ஊர்க் கல்லூரி கொடுத்தது வேறு. வகுப்பில் ஒன்பது பேர். எங்கள் வாத்தியார் ஐயா ஒரு சனிக்கிழமை குடுமியான்மலைக்குக் கூட்டிப்போனார். எல்லாரும் ஸ்வர எழுத்துகள் வெட்டிய இசைக் கல்வெட்டைப் பார்க்கத்தான் போவார்கள். அவர் எங்களைக் கோயில் சுவரில் இருந்த ஒரு சாதாரணத் தானக் கல்வெட்டின் முன் உட்காரவைத்தார். கல்வெட்டுகள் வழக்கமாகத் தொடங்கும் மங்கலச் சொல்லான 'ஸ்வஸ்திஸ்ரீ' வரைக்கும் தடையில்லை. அதற்கு மேல் நகரவில்லை. பழைய கல்வெட்டில் பெரும்பாலும் புள்ளி கிடையாது. துணைக்காலும் (ா) ரகரமும் ஒன்றுபோலவே இருக்கும். ஒரே கீறலை 'மா' என்றும் படிக்கலாம், 'மர' என்றும் படிக்கலாம், 'மர்' என்றும் படிக்கலாம். முன்பின் சொல்லைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். வெயில் ஏறும்வரை நான்கு வரி. ஒவ்வொருவர் நோட்டையும் வாங்கித் திருத்தினார். நாற்பது பேர் வகுப்பில் இது நடக்குமா என்று தெரியவில்லை. புதுக்கோட்டை சமஸ்தானம் தன் கல்வெட்டுகளை 1929-லேயே அச்சில் கொண்டுவந்துவிட்டது. அதனால், படித்தது சரியா என்று அன்று மாலையே ஒப்பிட்டுப் பார்க்க முடிந்தது. சித்தன்னவாசல், நார்த்தாமலை, கொடும்பாளூர், திருமயம் எல்லாம் டவுன் பஸ் தூரம்.

குறையும் உண்டு, பெரிய குறைதான். மூன்றாம் செமஸ்டரில் ஒரு பாடத்துக்கு அக்டோபர் வரை ஆள் இல்லை. அப்புறம் வந்த கௌரவ விரிவுரையாளர் நன்றாக நடத்தினார், ஆனால் அவருக்கே அடுத்த வருஷம் வேலை நிச்சயமில்லை. நூலகத்தில் புத்தகத்தைவிட கைடு அதிகம். தமிழிலேயே தேர்வு எழுதி முடித்துவிடலாம் என்பது வசதி. ஆனால் கல்லூரி ஆசிரியர் தகுதிக்கான நெட் தேர்வில் வரலாற்றுத் தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும்தான் வருகிறது. முதல் வருஷத்திலிருந்தே ஆங்கிலப் புத்தகம் ஒன்றையாவது வரிவரியாகப் படிக்காவிட்டால் அங்கே திணறிப்போவீர்கள்.

தொலைநிலைக் கல்வியைப் பற்றி நீட்டிச் சொல்ல ஒன்றுமில்லை. வேலையில் இருப்பவருக்கு இக்னோ (இந்திரா காந்தி திறந்தநிலைப் பல்கலைக்கழகம்) நல்ல வழி. இரண்டு வருஷப் படிப்பை நான்கு வருஷம் வரை இழுக்கலாம், பாட நூல்கள் தரமானவை. கல்வெட்டின் முன் உட்காரவைக்க ஆள் கிடைக்காது.

என் கணக்கு இது: கோயில், கல்வெட்டு, சோழர், பல்லவர் என்று மனம் போனால் ஊர்க் கல்லூரியே போதும், பிரிட்டிஷ் காலம் என்றால் கடன் வாங்கியாவது சென்னைக்குப் போங்கள். ஊரில் சேர்வதாக இருந்தால், சேருவதற்கு முன் ஒரு வேலை நாளில் துறைக்குப் போய், போன வருஷத்து ஆய்வேடுகளில் இரண்டைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். ஓரத்தில் வாத்தியார் பேனா பட்டிருக்கிறதா என்று மட்டும் பார்த்தால் போதும்.