ஃபார் ஈச் லூப்பும் நானும்: பதிமூணு வருஷம் ஆகியும் ஆறாத ஒரு கடுப்பு

குமுளில இருக்குற மாப்ள நேத்து போன் பண்ணான். அவன் தம்பி காலேஜ்ல ஜாவா புரோகிராமிங் ஆரம்பிச்சிருக்கானாம், ஒரு லிஸ்ட்ட ஒவ்வொண்ணா சுத்தி வர்றதுக்கு, தானே அடுத்தத எடுத்துத் தர்ற ஃபார் ஈச் லூப் பழகட்டுமா, இல்ல ஜீரோல இருந்து நாமளே எண்ணிப் போற பழைய ஐ ஈக்வல் டு ஜீரோவே போதுமான்னு கேட்டான். ரெண்டு வார்த்தைல முடிய வேண்டியது அரை மணி நேரம் ஓடிருச்சு, அதான் இங்கயும் எழுதி வைக்கிறேன்.

கம்பத்துல ஒரு ஏலக்காய் கடைக்கு பில் புரோகிராம் எழுதிக் குடுத்து நான்தான் பாத்துக்கிட்டு வர்றேன். அதுல எங்க தொட்டாலும் ஃபார் ஈச்தான். 2004ல ஜாவா 5ல வந்துச்சு, அதுக்கு முன்னாடி இட்டரேட்டர்னு லிஸ்ட்ல ஒவ்வொண்ணா நகர்ற ஒண்ண எடுத்து, இன்னும் இருக்கான்னு ஹேஸ்நெக்ஸ்ட் கேட்டு, அடுத்தத நெக்ஸ்ட்னு வாங்கி, வந்தது இன்ன வகைன்னு காஸ்ட் வேற பண்ணணும். இப்ப ஒரே வரி, பில்லுல வர்ற லாட்டு (சரக்கு) லிஸ்ட்ல ஒவ்வொரு லாட்டா கைக்கு வருது, ஒண்ணு கூடுதலா எண்ணிட்டோமோ ஒண்ணு குறைச்சலா எண்ணிட்டோமோங்கற பயமே கிடையாது. ஆறு மாசம் கழிச்சு திறந்து பாத்தாலும் படிச்சா புரியும். இது உண்மையிலயே பெரிய விஷயம்.

ஆனா சுத்திக்கிட்டு இருக்கும்போதே அந்த லிஸ்ட்ல இருந்து ஒண்ண எடுக்கப் போனா இது பண்ற வேலைய என்னால மன்னிக்கவே முடியல.

நடந்தத சொல்றேன். கேன்சல் ஆன லாட்ட பில்லுக்கு முன்னாடி தூக்கிரணும்னு கடைல கேட்டாங்க. ஃபார் ஈச்சுக்குள்ளயே ஒரு இஃப் போட்டு, லிஸ்ட்ல ரிமூவ் குடுத்தேன். மூணு லாட்டு போட்டு நடு லாட்ட கேன்சல் பண்ணி டெஸ்ட் பண்ணேன், சுத்தமா வேலை செஞ்சுச்சு. அடுத்த வாரம் அஞ்சு லாட்டு பில், நாலாவதும் அஞ்சாவதும் கேன்சல். நாலாவது போயிருச்சு, அஞ்சாவது அப்படியே பில்லுல நின்னுருச்சு. எர்ரர் இல்ல, ஒண்ணும் இல்ல. வாங்குன சேட்டன் மலைல இருந்து எறங்கி வந்து பில்ல நீட்டுனப்பதான் தெரிஞ்சுச்சு, ஏலக்காய் விக்கிற விலைக்கு ஒரு மூட்டைன்னா சின்னக் காசா? கடை முதலாளி என்னைய ஒண்ணும் சொல்லல, அதுதான் இன்னும் வலிச்சுச்சு.

ஏன் இப்படின்னா, ஃபார் ஈச்சுக்கு உள்ள ஓடுறதும் இட்டரேட்டர்தான். நான் வச்சிருந்த லிஸ்ட் வகை அரேலிஸ்ட், அது தன்கிட்ட எத்தன தடவ சேத்தாங்க எடுத்தாங்கன்னு ஒரு எண்ணிக்கை வச்சிருக்கு. லூப் ஆரம்பிக்கும்போது இட்டரேட்டர் அத குறிச்சுக்கும், நெக்ஸ்ட் கேக்குறப்ப ரெண்டும் ஒத்துப் போகலைன்னா எக்ஸெப்ஷன்னு ஒரு எர்ரர வீசும். ஆனா ஹேஸ்நெக்ஸ்ட் அந்த எண்ணிக்கைய பாக்குறதே இல்ல, இட்டரேட்டர் நிக்கிற இடமும் லிஸ்ட்டோட சைஸும் ஒண்ணான்னு மட்டும்தான் பாக்கும். நாலாவத தூக்குனதும் சைஸ் நாலு, நிக்கிற இடமும் நாலு, முடிஞ்சுச்சுன்னு வெளிய வந்துருது, அஞ்சாவது லாட்ட யாரும் பாக்கவே இல்ல. கடைசிக்கு முந்துனத எடுத்தா மட்டும் இந்தக் கதை. என் டெஸ்ட்டுல மூணுல நடுவுல இருந்ததும் கடைசிக்கு முந்துனதுதான், அதான் மாட்டல.

அந்த எக்ஸெப்ஷனோட பேரு வேற. கன்கரண்ட் மாடிஃபிகேஷனாம், ஒரே நேரத்துல மாத்துறதுன்னு அர்த்தம். முதல் லாட்டு கேன்சல் ஆன ஒரு நாள் அது சிவப்பா வந்து நின்னுச்சு, பேர நம்பி எங்கயோ ரெண்டு த்ரெட், அதாவது ஒரே நேரத்துல ஓடுற ரெண்டு வேலை, மோதுதுன்னு ரெண்டு ராத்திரி தேடுனேன். என் புரோகிராம்ல இருந்ததே ஒரு த்ரெட்தான்.

இதுக்கு வழி இருக்கு, இல்லைன்னு சொல்லக்கூடாது. இட்டரேட்டரோட சொந்த ரிமூவ் இருக்கு, 2014ல ஜாவா 8ல வந்த ரிமூவ்இஃப் இருக்கு, ஒரே வரி, கேன்சல் ஆனதெல்லாம் மொத்தமா போயிரும். ஐய எண்ணிப் போற இண்டெக்ஸ் லூப்னா பின்னாடி இருந்து முன்னாடி வரணும், முன்னாடி இருந்து போனா அதுவும் ஒண்ண தாண்டி விட்ரும். நீளம் மாறாத அரேல இந்தத் தொல்லை இல்ல, அங்க எடுக்கவே முடியாது. ஆனா ஃபார் ஈச்சுல வர்ற வேரியபிள்ல புது ரேட்ட போட்டா அரேல ஒண்ணும் மாறாது, அதுக்கு இண்டெக்ஸ்தான் வேணும்.

நான் நாளைக்கும் ஃபார் ஈச்தான் எழுதுவேன், அதவிட நல்லா படிக்க வர்றது வேற இல்ல. ஆனா மாப்ள, தம்பிக்கு இப்ப குடுக்காத. முதல்ல இட்டரேட்டர கையால எழுதி, ஹேஸ்நெக்ஸ்ட் எங்க நிக்குது நெக்ஸ்ட் என்ன பாக்குதுன்னு பேப்பர்ல அஞ்சு கட்டம் போட்டு ஒரு மாசம் பழகட்டும்.