ரூ. 18,700 கொடுத்து என் பழைய கேசெட்டையே திரும்ப வாங்கிய கதை: கோவை சைக்கிள்காரர்கள் கவனத்துக்கு

மூன்று மணி நேரம் மொட்டை மாடியில் உட்கார்ந்து சைக்கிளைப் பிரித்துப் போட்டுப் பார்த்துவிட்டு இப்போதுதான் கீழே வந்தேன். இரண்டு முறை சோப்பு போட்டும் விரலிலிருந்து கிரீஸ் போகவில்லை. காலையில் நிதானமாக எழுதலாம் என்றால் தூக்கம் வராது, அதனால் இப்போதே எழுதிவிடுகிறேன். கோவையில் ரோடு பைக் வைத்திருப்பவர்கள், முக்கியமாக லட்ச ரூபாய் போட்டு வாங்கிவிட்டு சர்வீசுக்கு யாரையாவது நம்ப வேண்டிய நிலையில் இருப்பவர்கள், கடைசி வரை படியுங்கள். எப்படி ஏமாறாமல் தப்பிப்பது என்று முடிவில் விவரமாகச் சொல்கிறேன். எனக்குப் போனது 18,700 ரூபாய். (தலைப்பில் உள்ள கேசெட் பாட்டுக் கேட்பது இல்லை, சைக்கிளின் பின் சக்கரத்தில் இருக்கும் பல்சக்கர அடுக்கு.)

கடையின் பெயரைப் போடப் போவதில்லை. வக்கீல் நண்பர் ஒருவர், "பேரைப் போட்டா நீதான் கோர்ட்டுக்கு அலையணும்" என்றார். இப்போது ஊருக்குள் புதிதாக முளைக்கிறதே, கண்ணாடிக் கதவு, உள்ளே ஏசி, சுவரில் தொங்கும் கார்பன் ஃப்ரேம், மூலையில் காபி மெஷின் என்று, அந்த ரகம்.

எனக்கு வயது 46. ரேஸெல்லாம் இல்லை, சும்மா ஆசைக்கு ஓட்டுகிறவன். இந்தக் கோடையில் கொஞ்சம் வெறி பிடித்த மாதிரி ஓட்டினேன் என்பது உண்மை. ஏப்ரலில் ஒவ்வொரு ஞாயிறும் காலை நாலரைக்குக் கிளம்பி, வெயில் ஏறுவதற்குள் திரும்பிவிடுவது வழக்கம். ஒரு வாரம் தடாகம் வழியாக ஆனைகட்டி, ஒரு வாரம் பேரூர் தாண்டி சிறுவாணி ரோடு, இன்னொரு வாரம் வாளையார் தாண்டி பாலக்காடு. பாலக்காட்டுப் பக்கம் போனவர்களுக்குத் தெரியும், கணவாய்க் காற்று ஆரம்பித்துவிட்டால் சமதரையே மலை மாதிரி இருக்கும். இத்தனையும் எதற்கென்றால் வால்பாறைக்காக. ஆழியாறு செக்போஸ்ட் தாண்டினால் 40 கொண்டை ஊசி வளைவு. காரில் எத்தனையோ முறை போயிருக்கிறேன். ஒரு தடவையாவது காலால் மிதித்து ஏற வேண்டும் என்று மூன்று வருடமாக ஆசை.

ஏப்ரல் கடைசியில் சைக்கிள் சத்தம் போட ஆரம்பித்தது. ஏற்றத்தில் எழுந்து நின்று மிதித்தால் பெடல் பக்கத்திலிருந்து "க்ரீக், க்ரீக்" என்று. செயினும் மாற்ற வேண்டிய கட்டத்தில்தான் இருந்தது, அது எனக்கே தெரியும். சரி, மலைக்குப் போவதற்கு முன் எல்லாவற்றையும் ஒரேயடியாகப் பார்த்துவிடலாம் என்று அந்தக் கடைக்குப் போனேன்.

நான் விழுந்த இடம் இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். கடைக்காரருக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். நான் உள்ளே போனதும் விலையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. முதலில் காபி. அப்புறம் "எந்தப் பக்கம்ங்ணா ஓட்றீங்க?" என்றார். வால்பாறை என்றதும் முகம் மலர்ந்துவிட்டது. ஒன்பதாவது வளைவில் நின்றால் ஆழியாறு அணை கீழே எப்படித் தெரியும், வரையாடு எந்த நேரத்தில் பாறை மேல் வந்து நிற்கும் என்று கால் மணி நேரம் பேசினார். சுவரில் அவர் ஓடிய 200, 300 கிலோமீட்டர் பிரவே (குறித்த நேரத்துக்குள் முடிக்க வேண்டிய நெடுந்தூர ஓட்டம்) மெடல்கள் வரிசையாகத் தொங்கின. சைக்கிளை ஸ்டாண்டில் மாட்டி, கண்ணை மூடிக்கொண்டு கட்டை விரலால் செயினைத் தடவிப் பார்த்தார். நாடி பார்க்கிற வைத்தியர் மாதிரி. "இந்தச் செயின வெச்சுட்டு மலையேறப் போறீங்களா? உசுரு முக்கியம்ங்ணா" என்றார்.

அந்த "உசுரு முக்கியம்ங்ணா"வில் நான் விழுந்துவிட்டேன். இவ்வளவு அக்கறையாகப் பேசுகிற ஆளிடம் பில்லைக் கேட்பது மரியாதைக் குறைவு என்று எனக்கே தோன்றியது பாருங்கள், அதைச் சொல்லத்தான் வெட்கமாக இருக்கிறது.

ஒரு துண்டுச் சீட்டில் கணக்கு எழுதிக் காட்டினார். செயின் 2,900. ஏற்றத்துக்கு வசதியாக 11-34 கேசெட் (சின்னச் சக்கரத்தில் 11 பல், பெரியதில் 34) 6,200. பாட்டம் பிராக்கெட் (பெடல் அச்சு சுழலும் பேரிங்) 2,600. கேபிள், பிரேக் பேட் 2,800. லேபர் 4,200. மொத்தம் 18,700. "எல்லாம் ஒரிஜினல் பார்ட்ஸ்ங்ணா. ஜிஎஸ்டி பில் போட்டா உங்களுக்குத்தான் எக்ஸ்ட்ரா ஆகும், வேண்டாம் விடுங்க" என்றார். என் மேல் இருக்கும் பாசத்தில் சொல்கிறார் என்று நினைத்தேன். முழுத் தொகையையும் அங்கேயே ஜிபேயில் அனுப்பினேன். பணம் போய்ச் சேர்ந்தது கடைப் பெயருக்கு அல்ல, ஏதோ ஒரு தனிநபர் பெயருக்கு. அதையும் பார்த்தேன். பார்த்துவிட்டும் பேசாமல் இருந்தேன். அந்தத் துண்டுச் சீட்டையும் அவரே மடித்துப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டார்.

நான்கு நாளில் தருகிறேன் என்றவர் பதினோரு நாள் கழித்துக் கொடுத்தார். பாலிஷ் போட்டுப் பளபளவென்று இருந்தது. சத்தம் இல்லை. பழைய பார்ட்ஸ் எங்கே என்றேன். "அது ஸ்கிராப்ல போட்டாச்சுங்ணா, உங்களுக்கெதுக்கு அந்தக் குப்பை" என்றார். சரி என்று வந்துவிட்டேன். அவருடைய ஞாயிற்றுக்கிழமை ரைடு வாட்ஸ்அப் குழுவிலும் என்னைச் சேர்த்துவிட்டார்.

அதற்குப் பிறகு 26 நாளில் சுமார் 400 கிலோமீட்டர் ஓட்டியிருப்பேன், எல்லாம் சமதரை. போன ஞாயிறு வால்பாறைக்குக் கிளம்பினேன். முந்தின நாளே பொள்ளாச்சி போய்த் தங்கி, விடிந்ததும் ஆழியாறு. ஏற ஆரம்பித்ததுமே கால் கனமாக இருந்தது. புது கேசெட், 34 பல், இன்னும் லேசாக இருக்க வேண்டுமே என்று யோசித்தேன். வயதாகிவிட்டது, முந்தின ராத்திரி பிரியாணி வேறு என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

பதினொன்றாவது வளைவில், எழுந்து நின்று மிதித்த நேரத்தில் "டப்" என்று ஒரு சத்தம். மிதித்த கால் வெறும் காற்றில் இறங்கியது. முழங்கால் ஹேண்டில் ஸ்டெம்மில் மோதி, வலது பக்கமாகச் சாய்ந்து தாரில் விழுந்தேன். பின்னால் ஏறி வந்த பஸ் டிரைவர் பிரேக் போட்டதால் இன்று இதை எழுதுகிறேன். திரும்பிப் பார்த்தால் செயின் பாம்பு மாதிரி ரோட்டில் கிடக்கிறது.

வழக்கமாக சீட்டுப் பையில் ஒரு உதிரி குயிக் லிங்க் (செயினின் இரண்டு முனையையும் சேர்க்கும், கழற்றி மாட்டக்கூடிய கண்ணி) வைத்திருப்பேன். புதுச் செயின்தானே, எதற்கு என்று அன்றைக்கு எடுத்துப் போகவில்லை. டீத்தூள் இறக்கிவிட்டு வந்த வேனில் ஒரு பெரியவர், "சைக்கிளத் தூக்கிப் பின்னால போடு தம்பி" என்று ஏற்றிக்கொண்டார். பொள்ளாச்சி வரை விட்டுவிட்டு ஒரு டீ தவிர எதுவும் வாங்க மாட்டேன் என்றுவிட்டார். அங்கிருந்து மச்சான் கார் எடுத்து வந்து கூட்டிப்போனார். முழங்கால் இன்னும் மடக்க வரவில்லை.

திங்கட்கிழமை கடைக்காரருக்குப் போன் செய்தேன். "அடி கிடி படலயேங்ணா? அதான் முக்கியம். ரைடுல இருக்கேன், சாயங்காலம் கூப்பிடறேன்" என்றார். கூப்பிடவில்லை. செவ்வாய் இரண்டு முறை அடித்தேன், எடுக்கவில்லை. அறுந்த செயினைப் படம் எடுத்து அனுப்பினேன். நீல டிக் விழுந்தது, பதில் இல்லை. புதன் நேரில் போனேன். கடைப் பையன் மட்டும் இருந்தான். "ஓனர் வெளியூருங்ணா. செயின நீங்க கிராஸ்ல போட்டு ஓட்டியிருப்பீங்க, அதான் அறுந்திருக்கும்" என்றான். முன்னால் பெரிய பல்சக்கரம், பின்னாலும் பெரிய பல்சக்கரம் என்று போட்டு ஓட்டினால் செயின் சீக்கிரம் தேயும், உண்மைதான். 400 கிலோமீட்டரில் அறுந்து விழாது. வியாழன் ஓனரே எடுத்தார், ஆனால் கதை மாறியிருந்தது. சப்ளையர் அவரை ஏமாற்றிவிட்டாராம், கம்பெனிக்கு மெயில் போட்டிருக்கிறாராம். வெள்ளிக்கிழமை அதுவும் போய், "மலையேத்தத்துக்கெல்லாம் வாரண்டி கெடயாதுங்ணா. உங்க வெயிட்டும் கொஞ்சம் பாக்கணும்ல" என்றார். என் எடை 84 கிலோ. மலைக்குப் போகத்தான் பார்ட்ஸே மாற்றினேன் என்பதை அவரே மறந்துவிட்டார்.

அந்த எடை விஷயம்தான் என்னை மாடிக்கு ஏற்றியது. இன்று சாயங்காலம் செயினை மண்ணெண்ணெயில் ஊறப்போட்டுத் துணியால் ஒவ்வொரு கண்ணியாகத் துடைத்தேன். ஒரு முனையில் அறுந்துபோன குயிக் லிங்க்கின் பாதித் தகடு ஒட்டிக்கொண்டிருந்தது. துடைத்துக்கொண்டே போனால் நாற்பது கண்ணி தள்ளி இன்னொரு குயிக் லிங்க்! அதன் நிறமே வேறு, மேலே பொறித்திருக்கும் எழுத்தும் வேறு கம்பெனி. புதுச் செயினை மாட்டும்போது ஒரே இடத்தில்தான் சேர்ப்பார்கள். இரண்டு இடத்தில் சேர்த்திருந்தால் அது யாரோ ஓட்டிக் கழித்த துண்டுகளை ஒட்டுப்போட்டது.

அப்புறம் ஸ்டீல் ஸ்கேலை எடுத்தேன். செயினில் ஒரு பின்னுக்கும் அடுத்த பின்னுக்கும் சரியாக அரை இஞ்ச். 24 கண்ணி எண்ணினால் 12 இஞ்ச், அதாவது 304.8 மில்லிமீட்டர் வர வேண்டும். தேயத் தேய நீளும். 11 ஸ்பீடு (பின்னால் 11 பல்சக்கரம் உள்ள சைக்கிள்) செயினை அரை சதவீதம், அதாவது ஒன்றரை மில்லிமீட்டர் நீண்டதுமே மாற்றிவிடச் சொல்வார்கள். என் 'புது'ச் செயின் 308-ஐத் தொட்டு நின்றது. ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் ஓடிய கிழட்டுச் செயின்.

கேசெட்டுக்கு வந்தேன். பெரிய சக்கரத்தில் ஒரு பல்லில் சாக்பீஸ் தடவி எண்ணினேன். 32. திரும்ப எண்ணினேன், 32. மனைவியைக் கூப்பிட்டு எண்ணச் சொன்னேன். அவளுக்கும் 32தான் வந்தது. என் பழைய கேசெட்டும் 11-32. சந்தேகத்தில் கழற்றித் திருப்பிப் பார்த்தேன். உள்பக்கம், பெரிய சக்கரத்தின் ஒரு பல்லுக்கு அடியில், மெரூன் நிறத்தில் ஒரு பொட்டு. நெயில் பாலிஷ். துலக்கும்போது எங்கே தொடங்கினேன் என்று தெரிவதற்காகப் போன வருடம் மனைவியின் பாட்டிலிலிருந்து நானே வைத்த பொட்டு!

ஸ்கிராப்பில் போட்டாச்சு என்று சொன்ன என் சொந்தக் கேசெட்டையே டீசலில் கழுவி, எனக்கே 6,200 ரூபாய்க்கு விற்றிருக்கிறார். தேய்ந்த கேசெட்டில் புதுச் செயினை மாட்டினால் செயின் பல்லில் நிற்காமல் துள்ளும், உடனே தெரிந்துவிடும். அதனால்தான் தேய்ந்ததோடு தேய்ந்ததை ஜோடி சேர்த்திருக்கிறார். அந்த அளவுக்குத் தொழில் தெரிந்த ஆள். பாட்டம் பிராக்கெட்டை மாற்றினாரா, கிரீஸ் மட்டும் வைத்தாரா தெரியவில்லை. அதைத் திறக்கும் டூல் என்னிடம் இல்லை. திறந்து பார்க்கத் தைரியமும் இல்லை.

ஒன்பது மணிக்குப் போன் செய்து, "தம்பி, அந்தக் கேசெட்ல ஒரு நெயில் பாலிஷ் பொட்டு இருக்கே" என்றேன். இரண்டு நொடி அமைதி. "டவர் கட் ஆவுதுங்ணா" என்று வைத்துவிட்டார். ஐந்து நிமிடத்தில் வாட்ஸ்அப் குழுவிலிருந்து என்னைத் தூக்கிவிட்டார்கள். 18,700 ரூபாய்! எங்கள் வீட்டில் ஒரு மாத மளிகையும் பையனின் டியூஷன் ஃபீசும் சேர்த்தாலும் இவ்வளவு வராது.

விவரமாகச் சொல்கிறேன் என்றேன், ஆனால் இப்போது தலை ஓடவில்லை. சுருக்கமாக: பில் இல்லாமல் ஒரு ரூபாய் கொடுக்காதீர்கள். பழைய பார்ட்ஸைக் கையில் வாங்காமல் கடையை விட்டு நகராதீர்கள். புது பார்ட்ஸ் என்றால் பெட்டியை உங்கள் கண் முன்னால் பிரிக்கச் சொல்லுங்கள். கொடுக்கும் முன் எல்லாவற்றிலும் அடையாளம் வையுங்கள், பல்லை எண்ணிப் படம் எடுங்கள். முழுப் பணத்தை முன்கூட்டி அனுப்பாதீர்கள், அதுவும் வேறு யாரோ பெயருக்கு. ஏமாந்துவிட்டால் 1915க்குப் போன் செய்யுங்கள், தேசிய நுகர்வோர் உதவி எண். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் வரைக்கும் கட்டணம் இல்லாமல் புகார் போடலாம், இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும் என்று வக்கீல் நண்பர் சொன்னார். என்னிடம் பில் இல்லை. ஜிபே ஸ்கிரீன்ஷாட்டும் வாட்ஸ்அப் மெசேஜும்தான் இருக்கின்றன.

செயினையும் கேசெட்டையும் நியூஸ்பேப்பரில் சுற்றி பீரோ மேல் வைத்திருக்கிறேன். புகார் கொடுக்கப் போகும்போது நெயில் பாலிஷ் பாட்டிலையும் மறக்காமல் எடுத்துப் போகச் சொல்கிறாள் மனைவி.