பாரிஸா, ரோமா? முதல்முறை கிளம்பும் மதுரைக்காரருக்கு

"ஒன்பது நாள் லீவு, ரெண்டு பேரு, கையில இருக்கிற காசுக்கு ஒரு ஊர்தான். பாரிஸா ரோமா, ரெண்டுல எதுன்னு சொல்லுங்க மாப்ள" என்று போன வாரம் என் மச்சான் போனில் கேட்டார். பத்து நிமிடத்தில் சொல்லி முடிகிற விஷயமாக இல்லை, அதனால் எழுதியே விடுகிறேன்.

நாங்கள் போனது 2025 மே மாதம். நான், மனைவி, முழங்கால் வலியோடு 68 வயது அம்மா. அழகர் ஆற்றில் இறங்குவதைப் பார்க்காமல் ஊரைவிட்டு நகர மாட்டேன் என்று அம்மா சொல்லிவிட்டதால் சித்ரா பௌர்ணமி கழிந்த பிறகுதான் விமானம் ஏறினோம். பாரிஸில் 4 இரவு, ரோமில் 5 இரவு. பாரிஸ் என்னுடைய ஆசை, சின்ன வயதில் அப்பா முடிவெட்டக் கூட்டிப்போகும் மேலமாசி வீதி சலூனில் ஈஃபில் கோபுரம் போட்ட பழைய காலண்டர் ஒன்று தொங்கும், வருடம் முடிந்தும் அதைக் கழற்றவே இல்லை. ரோம் மனைவியின் ஆசை, அவள் வரலாறு படித்தவள்.

பாரிஸுக்காக முப்பது வருடம் ஏங்கியவன் நான். ஆனால் ஒரே ஊர்தான் என்றால் ரோமுக்குப் போங்கள் என்றுதான் சொல்வேன். அதற்காக எல்லாக் காரணமும் ரோம் பக்கமே நிற்கிறது என்று நினைத்துவிட வேண்டாம்.

விசாவில் இரண்டுக்கும் வித்தியாசம் இல்லை. இரண்டு நாடும் ஷெங்கன் என்ற ஐரோப்பியக் கூட்டில் இருப்பவை, ஒரே விசாதான், பெரியவர்களுக்கு 90 யூரோ, 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு கட்டாயம். எந்த நாட்டில் அதிக இரவு தங்குகிறோமோ அந்த நாட்டிடம் விண்ணப்பிக்க வேண்டும், எங்களுக்கு ஒரு இரவு வித்தியாசத்தில் இத்தாலி. பயணத்துக்கு 6 மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம், கடைசி 15 நாள் வரை இழுத்தடித்தால் வயிற்றில் புளியைக் கரைக்கும். மதுரையிலிருந்து ஐரோப்பாவுக்கு நேர் விமானம் கிடையாது. நாங்கள் போகும்போது கொழும்பு வழி, திரும்பும்போது துபாய், சென்னை.

சரி, ஊருக்கு வருவோம்.

ஈஃபில் கோபுரத்தைப் பற்றி யாராவது 'வெறும் இரும்புக் கம்பி' என்று சொன்னால் நம்பாதீர்கள். 1889இல் எழுப்பியது, 330 மீட்டர் உயரம், இதெல்லாம் படித்ததுதான், ஆனால் மெட்ரோ பாலத்தில் ஏறும்போது கட்டடங்களுக்கு நடுவே சட்டென்று தெரிந்தபோது எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. ஒரு விஷயம் மட்டும் எனக்கு முன்னால் உறைக்கவில்லை: மே கடைசியில் அங்கே சூரியன் மறையவே இரவு ஒன்பதரை ஆகிவிடுகிறது. இருட்டிய பிறகு மணிக்கு ஒருமுறை ஐந்து நிமிடம் கோபுரம் முழுக்க மின்னும். அதற்காகக் குளிரில் பத்து மணி வரை நின்றோம். அம்மா கம்பளியை இழுத்து மூடிக்கொண்டு, "நம்ம தெப்பத்துக்கு மைய மண்டபத்துல லைட் போட்டா இதைவிட நல்லாத்தான்டா இருக்கும்" என்றார். எனக்குக் கோபம் வந்தது.

லூவ்ர் அருங்காட்சியகம் செவ்வாய்க்கிழமை விடுமுறை. உலகத்துக்கே தெரிந்த இந்த விஷயம் தெரியாமல் செவ்வாய்க்கிழமை போய் நின்றேன், மனைவி ஒன்றும் சொல்லவில்லை, அதுதான் இன்னும் மோசம். மறுநாள் புதன், இரவு ஒன்பது வரை திறந்திருப்பார்கள் என்பதால் தப்பித்தோம். அப்போது நுழைவுக் கட்டணம் 22 யூரோ. 2026 ஜனவரியிலிருந்து ஐரோப்பாவுக்கு வெளியே இருந்து வருகிறவர்களுக்கு 32 ஆக்கிவிட்டார்கள். 2019இல் எரிந்த நோத்ர தாம் பேராலயத்தை 2024 டிசம்பரில் மறுபடி திறந்துவிட்டார்கள், அங்கே கட்டணம் இல்லை.

இவ்வளவும் பார்த்தபின் மூன்றாம் நாள் எனக்கு ஒன்று தோன்றியது. பாரிஸ் அழகு, ஆனால் உத்தரவு போட்டுச் செய்த அழகு. 19ஆம் நூற்றாண்டில் மூன்றாம் நெப்போலியன் காலத்தில் பழைய சந்துகளை இடித்துத் தள்ளி, நேர்கோடாகச் சாலை போட்டு, கட்டடங்களை ஒரே உயரத்துக்கு நிறுத்திய ஊர் அது. ரசிக்கலாம், படம் எடுக்கலாம், ஆனால் நான் கடைசி வரை விருந்தாளியாகத்தான் நடந்தேன்.

ரோமில் அப்படி இல்லை. மார்செல்லஸ் அரங்கு என்று ஒன்று, 2,000 வருடத்துக்கு முந்தையது, அதன் மேல்தளத்தில் இன்றும் ஆட்கள் வீடு வைத்துக் குடியிருக்கிறார்கள். புதுமண்டபத்தில் சிலைக்குப் பக்கத்தில் தையல் மிஷின் ஓடியதைப் பார்த்து வளர்ந்த நமக்கு இது உடனே பிடிபடும். பாந்தியன் என்ற பழைய ரோமானியக் கோயிலுக்குள் நுழைந்தால் (அப்போது 5 யூரோ) 43 மீட்டர் அகலக் கூரையின் நடுவில் வட்டமாக ஒரு திறப்பு, மூடியே கிடையாது, மழை பெய்தால் உள்ளேதான் பெய்யும், தரையில் தண்ணீர் இறங்கத் துளைகள் போட்டிருக்கிறார்கள். அம்மா அண்ணாந்து பார்த்துவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். எந்தச் சாமிக்கு என்று நான் கேட்கவில்லை.

கொலோசியத்துக்கு வாங்கும் டிக்கெட்டிலேயே பக்கத்தில் உள்ள ஃபோரமும், அதாவது பழைய ரோமின் நடுத்திடலும் சேர்த்தி. அங்கே மாக்சென்டியஸ் மண்டபத்துக்கு அடியில் பழைய மிளகுக் கிடங்கு ஒன்று இருந்தது, முதல் நூற்றாண்டில் டொமிஷியன் என்ற பேரரசர் கட்டியது. முசிறியில் கப்பலேறிய மிளகு இங்கேதானே வந்து குவிந்திருக்கும் என்று மனைவி அந்த இடத்தைவிட்டு நகரவே இல்லை. இந்தியச் சரக்குக்கு வருடம் ஐந்து கோடி செஸ்டெர்ஸ் காசு போய்விடுகிறது என்று அந்தக் கால ரோமானிய எழுத்தாளர் பிளினி புலம்பியதை அவள்தான் சொன்னாள். மதுரைக் கோட்டை வாசலில் யவனர்கள் காவல் நின்றதாகச் சிலப்பதிகாரம் சொல்கிறது, வைகை கடலில் சேரும் அழகன்குளத்தில் ரோமானியக் காசு கிடைத்திருக்கிறது, கீழடிக்கு நம் ஊரிலிருந்து டவுன் பஸ்ஸில் போய்விடலாம். இப்படி நம் பக்கம் ஒரு நுனி இருக்கிற கயிறு பாரிஸில் எனக்கு அகப்படவில்லை.

இல்லை, ஒன்று அகப்பட்டது, அதுதான் பாரிஸின் பெரிய பலம். கார் து நோர் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் லா ஷாப்பேல். ஈழத் தமிழர்கள் உருவாக்கிய கடைத்தெரு. முருங்கைக்காய், வல்லாரை, புடவை, நகை, கொத்து ரொட்டி எல்லாம் தமிழ்ப் பெயர்ப்பலகையோடு. நான்கு நாளில் மூன்று நாள் இரவுச் சாப்பாடு அங்கேதான். "வாங்கோ அம்மா, இருங்கோ" என்று ஒரு கடையில் கூப்பிட்டதும் அம்மாவுக்கு முழங்கால் வலியே மறந்துவிட்டது. 1985இல் தொடங்கிய மாணிக்க விநாயகர் கோயில் அங்கே இருக்கிறது, ஆவணி வாக்கில் தேர் தெருவில் ஓடும், குவியல் குவியலாகத் தேங்காய் உடைப்பார்கள். ஒரு வேளைகூடச் சோறில்லாமல் இருக்க முடியாத பெரியவர்களைக் கூட்டிப் போகிறீர்கள் என்றால் நான் சொன்ன தீர்ப்பைத் தள்ளிவிட்டு யோசிக்காமல் பாரிஸ் போங்கள். ரோமில் சைவத்துக்குப் பஞ்சமில்லை, வெட்டி எடை போட்டு விற்கிற பீட்சா, தக்காளி பாஸ்தா என்று நானும் மனைவியும் ஓட்டிவிட்டோம். அம்மாவோ மூன்றாம் நாளே கொண்டுபோன புளியோதரைப் பொடியைத் தேடினார்.

கால் வலிக்காரர்களுக்கு இரண்டு ஊருமே சோதனைதான், வேறு வேறு விதத்தில். பாரிஸ் மெட்ரோ எங்கே வேண்டுமானாலும் கொண்டுபோய் விடும், ஆனால் ஏகப்பட்ட நிலையங்களில் லிஃப்ட் கிடையாது, படி, மறுபடி படி. ரோமில் மெட்ரோ மூன்றே தடம், பழைய ஊருக்குள் நடைதான், அதுவும் கருங்கல் பாவிய தெரு, செருப்பு நழுவும். ஆனால் பார்க்க வேண்டியதெல்லாம் கிட்டக் கிட்ட இருக்கிறது, மாசி வீதிக்குள் ஒரு சுற்று வருகிற மாதிரி. வழியெல்லாம் குழாயில் குடிதண்ணீர் கொட்டிக்கொண்டே இருக்கும், ஊர் முழுக்க சுமார் 2,500 குழாயாம், காசில்லை. சித்திரையில் நாம் தண்ணீர்ப் பந்தல் வைக்கிறோம், அவர்கள் வருடம் பூராவும் வைத்திருக்கிறார்கள் என்று அம்மா சொன்னார். தெப்பக்குளத்துப் பேச்சுக்கு அன்று மன்னித்துவிட்டேன்.

அப்புறம் வாய்விட்டுச் சொல்ல எல்லாரும் கூச்சப்படுகிற விஷயம், கழிவறை. பாரிஸில் எங்களுக்குக் கிடைத்தது காகிதம்தான். இத்தாலியில் 1975இலேயே சட்டம் போட்டு வீடுகளில் கழுவுவதற்கென்று தனித் தொட்டி கட்டாயமாக்கிவிட்டார்கள், நாங்கள் தங்கிய அறையிலும் இருந்தது. மச்சான், இதற்கு மட்டுமே ரோமுக்கு ஐந்து மார்க் கூடப் போடலாம்.

திருட்டு இரண்டு ஊரிலும் உண்டு. பாரிஸில் மலைமேல் இருக்கும் சக்ரே கேர் கோயில் படியில் கையில் நூல் கட்ட வருவார்கள், கையைப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டு நடையைக் கட்டுங்கள். ரோமில் தெர்மினி நிலையத்திலிருந்து வத்திக்கான் பக்கம் போகும் 64ஆம் நம்பர் பஸ் ஜேப்படிக்குப் பேர் போனது. பெரியார் பஸ் ஸ்டாண்டில் ஏறி இறங்கிய அனுபவம் கைகொடுக்கும்.

கூட்டம் ரோமில்தான் அதிகமாக இருந்தது. அது 25 வருடத்துக்கு ஒருமுறை வரும் ஜூபிலி என்ற கத்தோலிக்கப் புனித ஆண்டு, போதாததற்குப் புதிய போப் பொறுப்பேற்று ஒரு வாரம்கூட ஆகவில்லை. அந்த அளவு நெரிசல் இப்போது இருக்காது. புனித பேதுரு பேராலயத்தில் தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும், மீனாட்சி கோயிலுக்குப் போகிற உடுப்பில் போனால் பிரச்சினை இல்லை. காபியை நின்றுகொண்டே குடியுங்கள், உட்கார்ந்தால் விலை ஏறும். நம் டீக்கடைப் பழக்கம் அங்கே காசை மிச்சம் பண்ணும்.

மச்சானிடம் ஒன்பது நாளையும் ரோமுக்கே கொடுங்கள், ஒரு நாள் மட்டும் ரயிலில் ஃபுளோரன்ஸ் போய் வாருங்கள் என்று சொன்னேன். அவர் சரி என்றுவிட்டார். அக்காதான், ஈஃபில் கோபுரத்துக்கு முன்னால் நின்று ஒரு போட்டோ இல்லாமல் வெளிநாடு போனேன் என்று எப்படிச் சொல்வது என்று கேட்கிறார். நேற்று என்னிடம் அந்தக் காலண்டர் படம் இன்னும் சலூனில் இருக்கிறதா என்றும் விசாரித்தார்.