பொன்னியின் செல்வன், சிறுவர் சுருக்கம்: எங்கே கத்தரித்தார்கள்?

கல்கியின் நாவல் ஐந்து பாகம், 293 அத்தியாயம். 1999-இல் நாட்டுடைமை ஆனபின் யார் வேண்டுமானாலும் சுருக்கிப் போடலாம் என்பதால், ஈரோடு புத்தகத் திருவிழாவில் 'சிறுவர் பதிப்பு' என்று கேட்டால் ஒன்றுக்கு நாலு எடுத்து நீட்டுவார்கள். அவற்றில் '10 வயதுக்கு மேல்' என்று அட்டையில் போட்ட ஒற்றைப் புத்தகப் பதிப்பு ஒன்றைப் பற்றியது இது.

தொடக்கம் அருமை. சுருக்குபவர்கள் வழக்கமாக முதல் கத்தரியை வைப்பது வீரநாராயண ஏரிக்கரை (இன்றைய வீராணம்) வருணனையில்தான். இதில் வைக்கவில்லை. ஆடிப்பெருக்குக்குக் கூட்டாஞ்சோறும் சித்திரான்னமும் கட்டிக்கொண்டு ஜனங்கள் வரும் பகுதி அப்படியே இருக்கிறது. ஆடி 18-க்குப் பவானி கூடுதுறைக்கோ கொடுமுடிக்கோ போய்வந்த பிள்ளைக்கு அது சட்டென்று பிடிபடும். நீள வாக்கியங்களை இரண்டு மூன்றாக உடைத்தவர்கள் உரையாடலில் கை வைக்கவில்லை. வைணவ ஒற்றன் ஆழ்வார்க்கடியானின் வாய்த்துடுக்கு சேதமில்லாமல் வந்திருக்கிறது. கடம்பூர் மாளிகையில் சிற்றரசர்கள் சதி பேசும் நடுநிசிக் கூட்டம் வரை குறை சொல்ல ஒன்றுமில்லை.

கோளாறு அதற்கப்புறம். (முடிவு தெரியாதவர்கள் அடுத்த பத்தியைத் தாண்டிவிடுங்கள்.)

பக்கத்தை மிச்சம் பிடிக்க, கோயிலுக்குப் பூக்கொண்டுபோகும் சேந்தன் அமுதனையும் ஈழத்து ஊமை ராணியையும் முதல் பாதியில் ஏறக்குறைய எடுத்துவிட்டார்கள். ஆனால் கடைசியில் பட்டம் சூட்டிக்கொள்பவன் சேந்தன் அமுதன்தான். தஞ்சையில் பூக்குடலையோடு அவனை நாலு தடவையாவது பார்த்திருந்தால்தானே வாசிக்கிற பிள்ளைக்கு அந்தத் திருப்பம் உறைக்கும்? இங்கே யாரோ ஒருவன் திடீரென்று வந்து சிம்மாசனத்தில் உட்காருகிறான். வெட்ட வேண்டியிருந்தால், கதாநாயகன் வந்தியத்தேவனின் நண்பன் கந்தமாறன் வரும் பகுதிகளில் தாராளமாக வெட்டியிருக்கலாம்.

பட்டத்து இளவரசன் ஆதித்த கரிகாலனைக் கொன்றது யார் என்பதைக் கல்கி வேண்டுமென்றே மூடி வைத்தார். இந்தப் பதிப்பு ஒரே வரியில் பெரிய பழுவேட்டரையரின் இளைய ராணி நந்தினி தலையில் போட்டு முடித்துவிட்டது. பின்னிணைப்பில் ஒரு பக்கம் ஒதுக்கி, சோமன், ரவிதாசன், பரமேஸ்வரன் ஆகியோரைத் துரோகிகள் என்று சொல்லும் உடையார்குடிக் கல்வெட்டைக் காட்டியிருந்தால் பிள்ளைகளே துப்புத் துலக்க உட்கார்ந்திருப்பார்கள். வந்தியத்தேவன் கல்வெட்டில் இருப்பவன், நந்தினியும் படகோட்டிப் பெண் பூங்குழலியும் கற்பனை என்ற குறிப்புகூடக் கிடையாது.

படங்கள் பளிச்சென்று இருக்கின்றன. ஆனால் வந்தியத்தேவன் தஞ்சைக்குள் நுழையும் படத்தில் பின்னால் பெரிய கோயில் விமானம்! கதை நடப்பது ராஜராஜனின் தந்தை சுந்தர சோழர் காலம். ராஜராஜன் அந்தக் கோயிலைக் கட்டி முடித்தது 1010-இல். சொற்பட்டியலில் நாழிகைக்கு 'ஒரு மணி நேரம்' என்று போட்டிருப்பதும் தப்பு, 24 நிமிடம்.

வரைபடம் இல்லாதது நம் கொங்குப் பக்கத்துப் பிள்ளைகளுக்குப் பெரிய குறை. நொய்யலும் பவானியும் தெரிந்த வகுப்பில் "ஏனுங் மிஸ், அரிசிலாறு எங்கீங்க இருக்குது?" என்ற கேள்வி வந்தே தீரும். காஞ்சி, வீராணம், கடம்பூர், குடந்தை, தஞ்சை, பழையாறை, கோடிக்கரை: இந்த ஏழு இடத்தையும் காவிரியையும் ஒரு தாளில் வரைந்து உள்ளட்டையில் ஒட்டிவிட்டால் போதும்.

பள்ளி நூலகத்துக்கு ஒரு பிரதி வாங்கலாம், கடம்பூர் வரை வகுப்பில் வாசித்துக் காட்ட. வீட்டுக்கு என்றால், 13 வயதைத் தாண்டிய பிள்ளைக்கு மூலத்தின் முதல் பாகம் 'புது வெள்ளம்' மட்டும் தனியாக வாங்கிக் கொடுங்கள்.