கடனில் வாங்க எந்தப் பங்கு? நான்கு அரசுகள், நான்கு வாசல்கள்

பங்கை அடமானமாக வைத்துக் கடன் கொடுப்பவர் கேட்கும் கேள்வி ஒன்றே ஒன்றுதான்: நாளைக் காலை விற்றாக வேண்டும் என்றால் இது விற்குமா? நிறுவனம் நல்லதா, லாபம் வளருமா, நிர்வாகம் நேர்மையானதா என்பதெல்லாம் வாங்குகிறவரின் பாடு. எந்தப் பங்கைக் கடனில் வாங்கலாம் என்று அரசுகள் எழுதி வைத்த விதிகளில் பெரும்பாலானவை முதல் கேள்விக்குத்தான் பதில் தேடுகின்றன. ஆனால் நம்மில் பலர் அவற்றை இரண்டாவது கேள்விக்கான பதிலாக வாசிக்கிறோம். 'மார்ஜினில், அதாவது தரகர் தரும் கடனில், கிடைக்கிறது என்றால் நல்ல பங்குதானே' என்ற பேச்சு அங்கிருந்துதான் பிறக்கிறது.

இதைத் தீர்மானிக்க உலகில் நான்கு வழிகள் உண்டு. பங்குகளின் பெயர்களை வரிசையாக எழுதி வெளியிடுவது ஒன்று. எந்தச் சந்தையில் வர்த்தகமாகிறது என்று மட்டும் பார்ப்பது இன்னொன்று. எவ்வளவு சுலபமாக விற்கிறது என்று அளந்து பார்ப்பது மூன்றாவது. நான்காவது, 'தரகரே, உங்கள் பணம், உங்கள் பொறுப்பு' என்று விட்டுவிட்டு அவருடைய மூலதனத்தை மட்டும் கண்காணிப்பது. அமெரிக்கா முதல் வழியில் முப்பது ஆண்டுகள் நடந்துவிட்டு இரண்டாவதுக்கு மாறியது. சீனா முதல் வழியில் நிற்கிறது, இந்தியா மூன்றாவதில், ஹாங்காங் நான்காவதில்.

அமெரிக்காவிலிருந்து தொடங்குவோம். 1920களில் பத்து டாலர் கையில் இருந்தால் நூறு டாலர் பங்கு வாங்க முடிந்தது. 1929 அக்டோபரில் தரகர்கள் வழியாகப் போன கடன் சுமார் 850 கோடி டாலர். சந்தை சரிந்ததும் அந்தக் கடனை மீட்க விற்கப்பட்ட பங்குகளே சரிவை மேலும் ஆழமாக்கின. 1934ஆம் ஆண்டின் பங்குப் பரிவர்த்தனைச் சட்டம், ஏழாவது பிரிவில், கடனுக்கு வரம்பு விதிக்கும் அதிகாரத்தை மத்திய வங்கியான ஃபெடரல் ரிசர்வுக்குக் கொடுத்தது. தரகர்களுக்கு ரெகுலேஷன் டி. வங்கிகளுக்கு, இரண்டு ஆண்டுகள் கழித்து, ரெகுலேஷன் யு.

'எவ்வளவு கடன்' என்பது வேறு கேள்வி. அதில் ஃபெடரல் ரிசர்வ் பல ஆண்டுகள் மேலும் கீழும் ஆடியது. வாங்குபவர் கைப்பணமாகப் போட வேண்டிய பகுதி ஒரு காலத்தில் 40 சதவீதம். 1946இல் 100 சதவீதம், அதாவது கடனே கிடையாது. 1974 ஜனவரியில் 50 சதவீதம் என்று வைத்தார்கள். அதற்குப் பிறகு தொடவே இல்லை.

'எதன் மேல் கடன்' என்பதில்தான் வேடிக்கை. தொடக்க கால விதிகளின்படி, பங்குச் சந்தையில் பதிவான பங்குகளுக்கு மட்டுமே தரகர் கடன் கொடுக்கலாம். சந்தைக்கு வெளியே, தரகர்களுக்குள்ளேயே போன் வழியாகக் கைமாறிய ஓடிசி பங்குகளுக்குத் தரகர் ஒரு பைசா கடன் தரக் கூடாது. ஆனால் வங்கிகளுக்கான விதியோ பதிவான பங்குகளை மட்டுமே கட்டுப்படுத்தியது. ஆக, தரகர் தொடவே கூடாத பங்குக்கு வங்கி தன் இஷ்டம் போல் கடன் கொடுக்கலாம்! ஆபத்து கூடிய பங்குக்குத்தான் கட்டுப்பாடு குறைவு. இந்த ஓட்டையை அடைக்க 1968 வரை பிடித்தது. அந்த ஆண்டு சட்டத்தைத் திருத்தினார்கள். 1969இல் கடனுக்குத் தகுதியான ஓடிசி பங்குகளின் பட்டியல் வந்தது. பின்னாட்களில் அது ஆண்டுக்கு நான்கு முறை வெளியானது.

பட்டியலில் இடம்பெறுவதற்கான நிபந்தனைகளை நான் ரசித்தே படித்தேன். குறைந்தது நான்கு டீலர்களாவது அந்தப் பங்கை வாங்கவும் விற்கவும் தயாராக இருக்க வேண்டும். சராசரி விலை 5 டாலருக்குக் குறையக் கூடாது. உள்ளாட்கள் வைத்திருப்பது போக 4 லட்சம் பங்குகள் வெளியார் கையில் இருக்க வேண்டும். நிறுவனம் அடுத்த ஆண்டு என்ன சம்பாதிக்கும் என்பதைப் பற்றி ஒரு வரி கிடையாது. பெரும்பாலும் விற்க முடியுமா என்ற கேள்விதான்.

இன்னொரு நுட்பமும் அதில் இருந்தது. நுழைய 5 டாலர் வேண்டும். நீடிக்க 2 டாலர் போதும். இரண்டுக்கும் ஒரே எண்ணை வைத்திருந்தால், விலை 5க்குக் கீழே போன அன்றே பங்கு பட்டியலை விட்டு விழுந்திருக்கும். கடனில் வாங்கியவர் ஏற்கெனவே அடிபட்டுக் கிடக்கும் நேரத்தில் பங்கின் அடமான மதிப்பும் போயிருக்கும். நுழைவாசலுக்கும் வெளிவாசலுக்கும் நடுவே இடைவெளி விட்டவர், யாராக இருந்தாலும், சந்தையை அருகிலிருந்து பார்த்தவராகத்தான் இருப்பார்.

பட்டியல் என்று வந்துவிட்டால் அதை நற்சான்றிதழாக விற்க ஆள் வந்துவிடும். அது அவர்களுக்கும் தெரிந்திருந்தது. ஒரு பங்கு பட்டியலில் இருப்பதால் அதன் தரத்தை மத்திய வங்கி ஏற்றுக்கொண்டது என்று யாரும் சொல்வதே சட்டவிரோதம் என்று எழுதி வைத்தார்கள். அப்படி ஒரு தடையை எழுத வேண்டிவந்தது என்பதே பெயர்ப்பட்டியல் முறையின் பெரிய பலவீனத்தைக் காட்டிவிடுகிறது.

1984இல், ஓடிசி பங்குகளின் விலைகளைக் கணினியில் காட்டிய நாஸ்டாக்கின் தேசியச் சந்தை அமைப்பில் இருந்த பங்குகள் தானாகவே தகுதி பெற்றன. 1999 ஜனவரி முதல் நாஸ்டாக்கில் இருந்தாலே போதும் என்றாகி, ஓடிசி பட்டியல் நின்றுபோனது. இன்று அமெரிக்காவில் கேட்கப்படும் கேள்வி ஒன்றுதான்: எங்கே பட்டியலாகியிருக்கிறது? நியூயார்க் சந்தையிலோ நாஸ்டாக்கிலோ இருந்தால் அரசு விதியின்படி கடனில் வாங்கலாம்.

இது எளிமைதான், ஆனால் சோம்பேறித்தனமும் கலந்த எளிமை. ஒரு டாலரைச் சுற்றி ஊசலாடும் பங்கும் உலகின் மிகப் பெரிய நிறுவனத்தின் பங்கும் அரசின் கண்ணுக்கு ஒன்றே. அவற்றைப் பிரித்துப் பார்க்கும் வேலை தரகரிடம் போய்விட்டது. கடன் நிலுவையில் இருக்கும்வரை கணக்கில் 25 சதவீதம் சொந்தப் பணம் இருக்க வேண்டும் என்பது தரகர்களைக் கண்காணிக்கும் அமைப்பான ஃபின்ராவின் விதி. தரகர்கள் தங்கள் சொந்த விதியாக அதைவிட அதிகம் கேட்பார்கள். பிடிக்காத பங்குக்கு 100 சதவீதமே கேட்பார்கள். அரசு திறந்து வைத்த கதவைத் தரகர் எந்த நாளிலும் சாத்தலாம்.

இந்தியா வேறு பாதையில் வந்தது. இங்கே பல ஆண்டுகள் கோலோச்சியது பத்லா. பணம் கட்டாமல், வட்டி மட்டும் கொடுத்து, கணக்கை அடுத்த தவணைக்குத் தள்ளிப்போடும் ஏற்பாடு அது. 1993 டிசம்பரில், பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபி அதைத் தடை செய்தது. பிறகு திருத்தங்களோடு திரும்ப அனுமதித்தது. 2001இல் தரகர் கேதன் பாரேக்கின் பங்கு மோசடி விவகாரம் வெடித்த பின் ஜூலையில் ஒரேயடியாக நிறுத்தியது. தரகர் கடன் முறைப்படி 2004இல் வந்தது. இன்று நாம் எம்டிஎஃப் (மார்ஜின் டிரேடிங் ஃபெசிலிட்டி) என்று சொல்கிற வடிவம் 2017 ஜூன் மாதச் சுற்றறிக்கையில் உருவானது.

செபி பெயர்களை எழுதவில்லை, அளவுகோலை எழுதியது. கடனில் வாங்க வேண்டுமானால் பங்கு 'குரூப் 1'இல் இருக்க வேண்டும். அதற்கு இரண்டு தேர்வுகள். கடந்த ஆறு மாதத்தில் குறைந்தது 80 சதவீத நாட்களாவது அது வர்த்தகமாகியிருக்க வேண்டும். அதோடு இம்பாக்ட் காஸ்ட் சராசரியாக 1 சதவீதத்தைத் தாண்டக் கூடாது.

இம்பாக்ட் காஸ்ட் என்பது நாம் வாங்கும்போதே விலை நம் கையால் எவ்வளவு நகர்கிறது என்பதற்கான கணக்கு. ஒரு பங்கை வாங்க 99 ரூபாய்க்கும் விற்க 101 ரூபாய்க்கும் ஆள் நிற்கிறார்கள். நடு விலை 100. நீங்கள் ஒரு லட்சம் ரூபாய்க்கு வாங்கப் போனால் 101இல் கொஞ்சம், 102இல் கொஞ்சம் என்று கிடைத்து சராசரி 101.50 ஆகிறது. இம்பாக்ட் காஸ்ட் 1.5 சதவீதம், அந்தப் பங்கு தேர்வில் தோற்றுவிட்டது. மாதத்துக்கு ஒருமுறை மறுபடி அளக்கிறார்கள். இன்று தோற்றது அடுத்த மாதம் உள்ளே வரலாம்.

தகுதி பெற்ற பிறகும் எல்லாப் பங்கும் சமம் இல்லை. எஃப் அண்ட் ஓ (ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ்) பிரிவில் உள்ள பங்குக்குக் கைப்பணம், வார் மார்ஜினோடு (விலை ஒரு நாளில் எவ்வளவு விழக்கூடும் என்ற கணக்கில் வைக்கும் தொகை) இஎல்எம்மின் (அதையும் தாண்டிய நட்டத்துக்கான கூடுதல் தொகை) மூன்று மடங்கு. மற்றதற்கு வார் மார்ஜினோடு இஎல்எம்மின் ஐந்து மடங்கு. வார் 12 சதவீதம், இஎல்எம் 3.5 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் முதல் வகைக்கு 22.5 சதவீதம், இரண்டாவதுக்கு 29.5 சதவீதம் கைப்பணம். அமெரிக்கா எல்லாவற்றுக்கும் 50 என்று ஒரே கோடு போட, இங்கே பங்கின் குணத்துக்கேற்ப கோடு நகர்கிறது. என்னைக் கேட்டால் நான்கு முறைகளில் இதுவே புத்திசாலித்தனமானது. அமெரிக்கப் பட்டியலின் 'நான்கு டீலர்' நிபந்தனை எதைப் பிடிக்க முயன்றதோ, அதை இது நேரடியாக எண்ணில் பிடிக்கிறது. யாரும் இதை நற்சான்றிதழ் என்று விளம்பரம் செய்வதும் கடினம்.

ஆனால் ஓட்டை இல்லாமல் இல்லை. அளப்பது கடந்த ஆறு மாதத்தை. கடன் நிற்பது வரும் மாதங்களில். ஒரு லட்சம் ரூபாய் ஆர்டருக்கு நன்றாக விற்கும் பங்கு, எல்லாரும் ஒரே காலையில் விற்க வரும்போது எப்படி நடந்துகொள்ளும் என்று அந்த எண் சொல்லாது. எஃப் அண்ட் ஓவில் இல்லாத பங்குகளுக்கு நாள் விலை வரம்பு உண்டு. கெட்ட செய்தி வந்தால் திறந்த வேகத்தில், அந்த வரம்பின் கீழ் எல்லையான லோயர் சர்க்யூட்டில் போய் உட்கார்ந்துவிடும். விற்பவர் வரிசை ஒரு கிலோமீட்டர். வாங்க ஓர் ஆள் இல்லை. அந்த நாளில் தரகரின் கட்டாய விற்பனை ஆணை வெறும் காகிதம். 'மூன்று மடங்கு, ஐந்து மடங்கு' என்ற வித்தியாசத்தின் நியாயம் இங்கேதான் புரிகிறது. ஐந்து மடங்கு போதுமா என்றால், தொடர்ந்து மூன்று நாள் லோயர் சர்க்யூட் விழுந்த ஒரு பங்குக்குப் போதாமல் போகலாம்.

இன்னொன்று: ஆரம்ப மார்ஜினைப் பணமாகத்தான் கட்ட வேண்டும் என்றில்லை. குரூப் 1 பங்குகளையே, மதிப்பில் ஒரு பகுதியைக் கழித்துவிட்டு, பிணையாக வைக்கலாம். பங்கை அடகு வைத்து, அதன் பலத்தில் கடன் வாங்கி, இன்னொரு பங்கு! சந்தை விழும்போது பிணையும் விழும், வாங்கியதும் விழும். விதியை நான் எழுதியிருந்தால் இந்த ஒரு சலுகையைக் கொடுத்திருக்க மாட்டேன்.

வங்கியல்லாத நிதி நிறுவனங்கள் வழியாக வரும் கடனையும் சொல்ல வேண்டும். அமெரிக்கா 1968 வரை திறந்து வைத்திருந்தது போன்ற பக்கக் கதவு அது. 2014இல் ரிசர்வ் வங்கி, பங்குகளின் மேல் தரும் கடன் அவற்றின் மதிப்பில் பாதியைத் தாண்டக் கூடாது என்றது. சந்தை முதலீட்டுக்கான 5 லட்சம் ரூபாய்க்கு மேற்பட்ட கடனுக்குக் குரூப் 1 பங்குகளே பிணை என்றும் சொன்னது. இரண்டு வாசலுக்கும் ஒரே சல்லடை. அது சரியான வேலை.

சீனாவுக்கு வருவோம். 2010 மார்ச் இறுதியில் சோதனை முயற்சியாகத் தொடங்கியபோது கடனில் வாங்கக் கூடிய பங்குகள் வெறும் 90: ஷாங்காயில் 50, ஷென்ஜெனில் 40. பட்டியல் படிப்படியாக நீண்டது. 2014இல் 900, 2019இல் 1,600, 2022 அக்டோபரில் 2,200. மேலிருந்து ஒவ்வொரு கதவாகத் திறக்கும் முறை இது. சூடு அதிகமானால் கைப்பணமாகப் போட வேண்டிய மார்ஜின் அளவைக் கூட்டுகிறார்கள், சந்தை தூங்கினால் குறைக்கிறார்கள்: 2015 நவம்பரில் 50இலிருந்து 100 சதவீதம், 2023 செப்டம்பரில் 80.

பட்டியல் கட்டுப்பாடாகத் தோன்றும். ஆனால் நீளும் ஒவ்வொரு முறையும் அது புதிய கடனுக்கான அழைப்பு. 2015 ஜூனில் முறைப்படியான மார்ஜின் கடன் மட்டும் 2.2 லட்சம் கோடி யுவானைத் தாண்டியது. அதற்கு வெளியே, பட்டியலைப் பற்றிக் கவலையே படாத தனியார் கடன்களும் ட்ரஸ்ட் எனப்படும் நிதி நிறுவனங்கள் வழிக் கடன்களும் வேறு. பட்டியல் எவ்வளவு கறாராக இருக்கிறதோ, அவ்வளவு பணம் அதைச் சுற்றிக்கொண்டு போகும். அந்தக் கோடையின் சரிவு அதைத்தான் காட்டியது. 2016 டிசம்பரில் வந்த ஒரு திருத்தத்தை மட்டும் பாராட்டலாம்: நட்டத்தில் இருக்கும், அல்லது விலை–லாப விகிதம் 300ஐத் தாண்டிய பங்குக்குப் பிணை மதிப்பு பூஜ்யம். நான்கு இடங்களில் 'இந்த விலை நியாயமா' என்று கேட்கத் துணிந்த விதி எனக்குத் தெரிந்து அது ஒன்றுதான்.

ஹாங்காங்கில் பெயர்ப்பட்டியல் இல்லை. எந்தப் பங்குக்கு எவ்வளவு என்பது தரகரின் முடிவு. 2017 ஜூன் 27 அன்று, ஒன்றோடொன்று பின்னிக் கிடந்த சில சிறு நிறுவனங்களின் பங்குகள் ஒரே நாளில் 90 சதவீதத்துக்கும் மேல் சரிந்தன. 2019 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த வழிகாட்டுதல், தரகரின் மொத்த மார்ஜின் கடன் அவருடைய மூலதனத்தில் ஐந்து மடங்கைத் தாண்டக் கூடாது என்றது. ஒரே பங்கில் பிணை குவிவதையும் கவனிக்கச் சொன்னது. தரகர் திவாலாகாமல் இருக்க இது உதவும். வாங்கியவருக்கு இதில் எதுவும் இல்லை. இந்தியாவும் தரகரின் கடன் தொகையை அவருடைய நிகர மதிப்போடு கட்டிப்போட்டிருக்கிறது. ஆனால் சல்லடையை எடுத்துவிட்டு அதைச் செய்யவில்லை.

இப்போது ஒரு கற்பனைப் பங்கை நான்கு வாசலிலும் நிறுத்திப் பாருங்கள். முறையான சந்தையில் பட்டியலானது, லாபம் ஈட்டுகிறது, ஆனால் நாளுக்குச் சில நூறு பங்குகளே கைமாறுகின்றன. அமெரிக்க விதி உள்ளே விடும். தரகர் முகம் சுளிக்கலாம். சீனாவில் பட்டியலில் பெயர் இருந்தால் சரி, இல்லையென்றால் எவ்வளவு நல்ல நிறுவனமாக இருந்தாலும் கிடையாது. ஹாங்காங்கில் உங்கள் தரகரின் தைரியத்தைப் பொறுத்தது. இந்தியாவில் இம்பாக்ட் காஸ்டில் தோற்றுத் திரும்பும்.

அடுத்து, நேற்றுதான் பட்டியலான பங்கு. அமெரிக்காவில் அந்த வெளியீட்டை விற்றுக் கொடுத்த தரகர் 30 நாட்களுக்கு அதன் மேல் கடன் தரக் கூடாது. விற்பவரே கடனும் கொடுத்தால் என்ன நடக்கும் என்று 1929இல் பார்த்தவர்கள் எழுதிய பிரிவு அது. தொழில்நுட்ப நிறுவனங்களுக்கான ஷாங்காயின் ஸ்டார் சந்தையிலோ, பட்டியலான முதல் நாளிலிருந்தே கடனில் வாங்கலாம். இந்தியாவில் ஐபிஓ எனப்படும் புதுப் பங்கு வெளியீட்டுக்கு விண்ணப்பிக்க நிதி நிறுவனங்கள் தரும் கடனுக்கு 2022 ஏப்ரல் முதல் ஒருவருக்கு ஒரு கோடி ரூபாய் என்ற உச்சவரம்பு இருக்கிறது. ஒரு கோடி என்பது சிறு முதலீட்டாளரைத் தடுக்கும் எண் இல்லை; பட்டியலான அன்றே விற்றுவிட்டு ஓட நினைத்துப் பல கோடிக்கு விண்ணப்பித்தவர்களின் கையைத்தான் அது கட்டியது.