கிருஷ்ணகிரி அணையிலும் ஏரிகளிலும் தூண்டில்: சில ஆண்டுகள் கையாண்ட கோலும் ரீலும்

வேட்டைக்குப் போவது என்பது 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்திற்குப் பிறகு நம் மாவட்டங்களில் பேச்சுக்கே இடமில்லாத ஒன்றாகிவிட்டது. தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டிக் காடுகளின் மானும் பன்றியும் மட்டுமல்ல, வயல் வரப்பில் ஓடும் முயலும் கவுதாரியும்கூட அச்சட்டத்தின் பாதுகாப்பில்தான் இருக்கின்றன. இரைக்காகக் காத்திருக்கும் ஆர்வம் உள்ளவர்களுக்கு முறையோடு எஞ்சியிருப்பது தூண்டில்தான். கிருஷ்ணகிரி அணையிலும், பாரூர் ஏரியிலும், சுற்றுவட்டாரச் சிற்றேரிகளிலும் சில ஆண்டுகளாக நான் பயன்படுத்தி வரும் ஒன்றுக்குள் ஒன்று செருகி மடங்கும் எட்டு அடி மடக்குக் கோலும், தூண்டில் நூலான நரம்பைச் சுற்றி வைக்கும் 4000 அளவு ரீலும் எப்படி உழைத்தன, எவற்றைப் பராமரித்தால் அவை உழைக்கும் என்பதை இங்கே எழுதுகிறேன். இரண்டுமே நடுத்தர விலையில் வாங்கியவை. அந்த விலைக்கு மேல் இந்த நீர்நிலைகளுக்குத் தேவையில்லை என்பதே என் முடிவு; மிச்சப்படும் பணத்தை நரம்பிலும் முள்ளிலும் போட வேண்டும்.

கோல் கண்ணாடி இழையும் கார்பனும் கலந்தது. முழுக் கார்பன் கோல் கைக்கு இலேசாக இருக்கும்; ஆனால் பாறையில் ஒருமுறை பலமாக அடிபட்டால், வெளியே தெரியாத விரிசல் விழுந்து, பிறகு ஒரு நாள் மீனின் இழுப்பில் சட்டென்று முறியும். அணையின் கரை முழுவதும் கருங்கல் பாவியிருப்பதால் கலப்புக் கோலே இங்கு ஏற்றது. மடக்குக் கோலுக்கு உண்மையான எதிரி மீன் அல்ல, மணல். மணல் துகள் ஒன்று இணைப்புக்குள் புகுந்துவிட்டால் கோலை விரிக்கவும் முடியாது, மடக்கவும் முடியாது; பலத்தைக் காட்டினால் குழாய் பிளந்துவிடும். ஆகவே விரிக்கும்போது நுனிப் பகுதியிலிருந்து தொடங்கி, நரம்பு ஓடும் வளையங்களை ஒரே கோட்டில் நிறுத்தி, மெதுவாக இழுக்க வேண்டும். மடக்கும்போது அடிப் பகுதியிலிருந்து தொடங்கி, ஒவ்வொரு பகுதியையும் ஈரத்துணியால் துடைத்து, சற்றே திருகியவாறு உள்ளே விட வேண்டும். இந்த ஒழுங்கைக் கடைப்பிடித்ததால் இணைப்புகள் இன்றும் இறுக்கமாகவே இருக்கின்றன. வளையங்களின் உட்புறத்தில் பதித்திருக்கும் பீங்கானில் கீறல் விழுந்திருக்கிறதா என்பதைக் கண்ணால் பார்த்து அறிவது கடினம். காது குடையும் பஞ்சுக்குச்சியை உள்ளே விட்டுச் சுற்றினால், கீறல் உள்ள இடத்தில் பஞ்சு சிக்கிக்கொள்ளும். அத்தகைய வளையத்தின் வழியே ஓடும் நரம்பு எவ்வளவு விலை உயர்ந்ததாக இருந்தாலும் நாரு நாராகக் கிழிந்துவிடும்.

நரம்பைப் பற்றித்தான் விரிவாகச் சொல்ல வேண்டும். நம் பக்கத்தில் தங்கூசி என்று கேட்டு வாங்கும் ஒற்றை இழை நைலான் நரம்பில் 0.30 முதல் 0.35 மில்லிமீட்டர் வரையிலான கனம் அணைக் கெண்டைக்கும் ஜிலேபி மீனுக்கும் தாராளமாகப் போதும். வெயில் பட்டுப் பட்டு நைலான் வலுவிழக்கும் என்பதால், பயன்படுத்தினாலும் பயன்படுத்தாவிட்டாலும் ஆண்டுக்கு ஒருமுறை முழுவதையும் மாற்றிவிடுகிறேன். அதோடு ஒவ்வொரு நாளும் கரையிலிருந்து கிளம்பும் முன், கல்லில் உரசியிருக்கக்கூடிய முதல் இரண்டு மூன்று மீட்டரை வெட்டி எறிவதும் வழக்கம். எறிவதென்றால் பைக்குள், கரையில் அல்ல, ஏனெனில் அதில் கொக்கின் காலும் ஆட்டின் குளம்பும் சிக்கும். விரால் பிடிக்கும் செடி மண்டிய ஏரிகளுக்கு மட்டும், பல இழைகளைப் பின்னிய பின்னல் நரம்பைத் தனிச் சுருளில் வைத்திருக்கிறேன். அது நீளாது, தாமரைத் தண்டையும் ஆகாயத்தாமரையையும் அறுத்துக்கொண்டு வரும். ஆனால் கல் உரசினால் நைலானைவிட விரைவில் அறும். ஆகவே அணைக்குப் பின்னல் நரம்பைக் கொண்டுபோவது வீண் செலவு. எந்த நரம்பானாலும் சுருளின் விளிம்புக்கு ஏறத்தாழ இரண்டு மில்லிமீட்டர் குறைவாக நிரப்பினால் சிக்கல் விழாது. வீசியபின், நரம்பைச் சுருளுக்குள் திருப்பும் ரீலின் வளைகம்பியைக் கைப்பிடியைச் சுற்றி மூடாமல் கையால் மூடினால் முறுக்கும் குறையும்.

முடிச்சு போடும்போது நரம்பை எச்சிலால் நனைத்து இறுக்குவதைப் பழைய தூண்டில்காரர்கள் சொல்லாமலே செய்வார்கள். உலர்ந்த நைலான் உரசிச் சூடேறி, முடிச்சு விழும் இடத்திலேயே பலம் குறைந்துவிடும் என்பதே அதன் காரணம். ரீலின் பிடிமானத்தை, அதாவது மீன் இழுத்தால் எவ்வளவு எடையில் நரம்பு கழல வேண்டும் என்ற திருகை, நரம்பின் தாங்குதிறனில் நான்கில் ஒரு பங்குக்கு வைக்கிறேன். காய்கறி நிறுக்கும் கொக்கித் தராசு ஒன்றை முள்ளில் மாட்டி இழுத்துப் பார்த்தால் இது எளிதாக அமையும். கை அனுமானம் பெரும்பாலும் அதிகமாகவே இறுக்கிவிடுகிறது. வீடு திரும்பியதும் அந்தத் திருகை முழுவதும் தளர்த்திவிட வேண்டும், இல்லையேல் உள்ளிருக்கும் வளையத் தட்டுகள் நசுங்கி, அடுத்த முறை விட்டு விட்டு இழுக்கும். மற்றபடி ரீலுக்குப் பெரிய பணிவிடை எதுவும் தேவைப்படவில்லை. ஈரத்துணியால் துடைத்து, நரம்பு உருளும் சிறு உருளையில் ஒரு துளி எண்ணெய் விட்டால் போதும். குழாயடியில் பீய்ச்சிக் கழுவுவது மட்டும் கூடாது. அழுக்கோடு தண்ணீரும் உள்ளே இறங்கிவிடும்.

இரைக்குக் கடை மாவுகளைப் பலரும் வாங்குகிறார்கள். கேழ்வரகுக் களிக்கு ஊரறிந்த நம் மாவட்டத்தில் அதற்கு அவசியம் இல்லை. கேழ்வரகு மாவைக் கெட்டியாகக் கிண்டி, வறுத்துப் பொடித்த நிலக்கடலைப் புண்ணாக்கைச் சேர்த்துப் பிசைந்து, சிறிது பஞ்சையும் உள்ளே வைத்து உருட்டினால், வீச்சின் வேகத்தில் உதிராமல் முள்ளில் நிற்கும். கெண்டை வகைகளான ரோகுவும் மிர்காலும் இதை விரும்பி எடுக்கின்றன. ஜிலேபிக்கு மண்புழுவே போதும். 1952இல் நம் நாட்டுக்குள் வந்த அந்த மீன் எதையும் தின்னும்.

எந்த நாளில் போவது என்பதை நாளிதழில் வரும் அணையின் நீர்மட்டத்தைப் பார்த்தே முடிவு செய்கிறேன். கிருஷ்ணகிரி அணையின் முழு உயரம் 52 அடி. மட்டம் நிலையாக இருக்கும் வாரங்களில் மீன் கரையோரம் மேயும். பாசனத்துக்குத் திறந்து மட்டம் நாள்தோறும் இறங்கும்போது ஆழத்துக்கு ஒதுங்கிவிடும். தென்பெண்ணையில் அதற்கு மேலே இருக்கும் கெலவரப்பள்ளி அணையில் கழிவுநீரின் நுரை மலைபோல் பொங்கும் நாள்கள் உண்டு என்பதை ஓசூர்ப் பக்கத்தவர் அறிவார்கள்; அங்கு பிடிக்கும் எதையும் நான் சமையலுக்குக் கொண்டுவருவதில்லை. ஒகேனக்கல்லை ஒட்டிய காவிரிக் காட்டுப் பகுதிகளுக்குத் தூண்டிலோடு போவதே இல்லை. காவிரி வடக்கு, காவிரி தெற்கு என்ற இரு வன உயிரினச் சரணாலயங்கள் அங்கே விரிந்திருக்கின்றன. மேலும் அந்த ஆற்றுக்கே உரிய திமில் மகசீர் மீன் 2018 முதல் அழிவின் விளிம்பில் இருப்பதாகப் பன்னாட்டுப் பட்டியலில் குறிக்கப்பட்டுள்ளது. ஏரிகளில் பெரும்பாலானவை மீன்பிடிக் குத்தகையில் இருப்பவை. குத்தகைக்காரரை முன்னதாகவே பார்த்து, எத்தனை கோல், எந்தக் கரை என்று பேசி, அவர் கேட்கும் கட்டணத்தைக் கொடுத்துவிட்டால் நாள் முழுவதும் நிம்மதி. கேட்காமல் உட்கார்ந்தால் சண்டைதான்.

ஆபத்துகளில் மின்கம்பியை முதலில் வைப்பேன். கார்பன் மின்சாரத்தைக் கடத்தும். விரித்த எட்டு அடிக் கோலைத் தோளில் சாய்த்தபடி ஏரிக்கரையில் நடப்பவர்கள் தலைக்கு மேல் போகும் கம்பிகளைப் பார்ப்பதில்லை. நடக்கும்போது கோல் மடங்கியே இருக்க வேண்டும், இடி கேட்ட உடனே மடக்கிக் கீழே வைத்துவிட வேண்டும். அக்டோபருக்குப் பிறகு கர்நாடகத்தின் பன்னேர்கட்டாக் காட்டிலிருந்து யானைக் கூட்டங்கள் இறங்கும் மாதங்களில் சானமாவு, தளிப் பக்கத்து ஏரிகளுக்கு விடியலிலும் அந்தியிலும் போகக் கூடாது. அந்நேரம் அவை யானைகளின் நீர்த்துறைகள். கெளுத்தியைப் பிடித்தால் பக்கவாட்டு முள்ளில் கைபடாமல் குறடால் கழற்ற வேண்டும். குத்திவிட்டால், கை பொறுக்கும் அளவு சூடான நீரில் ஊறவைத்தால் கடுப்பு குறையும். ஆகவே சுடுநீர்க் குடுவை தேநீருக்கு மட்டும் அல்ல.

விட்டுவிட வேண்டிய மீன்களும் உண்டு. செந்நிறக் குஞ்சுகளின் கூட்டம் நீர்ப்பரப்பில் கொப்பளிப்பது தெரிந்தால், அடியில் தாயும் தந்தையும் காவல் நிற்கும் விரால் இணை இருக்கும். அவற்றைப் பிடித்தால் குஞ்சுகள் அத்தனையும் மற்ற மீன்களுக்கு இரையாகிவிடும். முள்ளின் எதிர்க்கொக்கியைக் குறடால் நசுக்கி, கையை நனைத்துப் பிடித்தால், விடும் மீன் பெரும்பாலும் பிழைக்கிறது. உள்ளூர் மீன்களைத் தின்று பெருகும் அயல்நாட்டு மீனான ஆப்பிரிக்கக் கெளுத்தியை மட்டும் திரும்ப விடுவதில்லை. உயிரோடு வேறு ஏரிக்கும் கொண்டுபோகக் கூடாது.

இன்று புதிதாக வாங்குபவருக்கு என் பரிந்துரை இதே வகைக் கோலும், உதிரிச் சுருள் ஒன்றுடன் வரும் ரீலும்தான். கோலில் முதலில் முறிவது நுனிப் பகுதியே என்பதால், அது தனியாகக் கிடைக்குமா என்று கடைக்காரரிடம் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே பணத்தைக் கொடுக்க வேண்டும். கிடைக்காது என்றால், அடுத்த கடையைப் பார்க்கலாம்.